உள்ளே போனது போலவே

என் அலுவலக நண்பர் மேசை துடைப்பதை முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உலு திராமில் அவருடைய அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார், ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் பற்றாது என்று இவரும் போய் நிற்பார். அன்றைக்கு ஒருவர் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போயிருந்தார். மேசை மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி, கார் சாவி, பாதி படித்து விரித்து வைத்த நாளிதழ். வேறு யாராக இருந்தாலும் மூன்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஈரத்துணியை ஓர் இழுப்பு இழுத்திருப்பார்கள். இவர் கண்ணாடியைச் சுற்றித் துடைத்தார். சாவியைச் சுற்றித் துடைத்தார். நாளிதழின் விளிம்பு வரை வந்து, நின்று, துணியோடு திரும்பிப் போனார்.

கல்லாவில் இருந்த அத்தா குரல் கொடுத்தார். "டேய், மேசையத் தொடைக்கச் சொன்னா மேப்பு வரையிறியா? ஆளுங்க நிக்கிறாங்க பாரு லா."

"அது அவங்க வச்சது அத்தா," என்றார் இவர்.

அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிட நாலைந்து வயது சிறியவர், என்னை அண்ணே என்பார். ஆறு வருடம் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு வெகு காலம் பேச்சே இல்லை. இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். அவள் ஆறு மாதம் எழுதி வைத்திருந்த குறிப்பை நான் அழித்துவிட்டேன். அதில் ஒரு சொல்கூடக் குறையவில்லை, இருந்தும் அழித்துவிட்டேன். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் பாயைச் சொல்லாமல் முடியாது.

ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். ஏழு பேர். வாட்டர் ஹீட்டர், தண்ணீர் பம்பு, துணி துவைக்கும் இயந்திரம் இவற்றோடு பெட்டிக்குள் வருமே கையேடு, அதை நாலு மொழியில் தயாரித்துக் கொடுப்பது வேலை. அந்தக் கையேடுகள் எங்களிடம் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். தலைப்புக்கு முன்னால் ஒரு குறி. பட்டியல் என்றால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நட்சத்திரமோ, சிறு கோடோ, கூட்டல் குறியோ. மூன்றில் எதைப் போட்டாலும் அச்சில் ஒரே கறுப்புப் புள்ளியாகத்தான் வரும். அதனால் ஆளுக்கொரு குறி போடுவார்கள், ஒருவரும் கவலைப்பட்டதில்லை.

அந்தக் கோப்புகளைத் திருத்த நான் ஒரு கணினி நிரல் எழுதினேன். அது கோப்பைப் படித்து, எது தலைப்பு எது பட்டியல் என்று புரிந்துகொண்டு, மாற்றச் சொன்னதை மாற்றி, மறுபடி கோப்பாக எழுதித் தரும். எழுதும்போது தன் வழக்கப்படி எழுதும். குறிகளெல்லாம் ஒன்றாகும். நாலு வெற்று வரி இருந்த இடத்தில் ஒன்று இருக்கும். எனக்கு அது பெருமையாக இருந்தது. வாரிச் சீவிவிட்ட தலை மாதிரி கோப்பு வெளியே வரும்.

பாய் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ஒண்ணும் மாத்தாம சும்மா ஒரு ஃபைல உள்ள அனுப்புங்க."

"எதுக்கு? மாத்த ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அனுப்பணும்?"

"அனுப்புங்களேன்."

அனுப்பினேன். வெளியே வந்ததையும் உள்ளே போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நூற்றுச் சொச்சம் இடத்தில் மாறியிருந்தது.

"நாம ஒண்ணுமே செய்யச் சொல்லல. இது இவ்வளவு செஞ்சிருக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யார் வீட்டிலோ எதையோ உடைத்துவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போல என் நிரலைப் பார்த்தார்.

"அர்த்தம் அதேதானே பாய். அச்சுல ஒரே மாதிரிதான் வரும்."

"அச்சுல வரும். எழுதினவங்களுக்கு?"

அடுத்த இரண்டு மாதம் அவரே உட்கார்ந்து அந்த நிரலைப் பிரித்துக் கட்டினார். ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது, அதன் முன்னால் எத்தனை இடைவெளி, பின்னால் எத்தனை, என்ன குறி, எல்லாவற்றையும் கூடவே தூக்கிக்கொண்டு போய், தொடாத வரியைத் தொடாமலே திரும்ப வைக்கும்படி செய்தார். நிரல் மூன்று மடங்கு பெரிதாயிற்று, மெதுவாயிற்று. தினமும் காலையில் கையேடுகள் அத்தனையையும் ஒன்றும் மாற்றாமல் உள்ளே அனுப்பி வெளியே எடுப்பார். ஒரு புள்ளி பிசகினாலும் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. அலுவலகத்தில் அதை பாயின் தொழுகை என்று கேலி செய்தோம். "அதுக்கு அஞ்சு வேளை, இதுக்கு ஒரு வேளைதான்," என்பார் அவரும்.

அவர் சொன்னது சரி என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து ஓர் அம்மா எங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு அனுப்புவார். பழைய கோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். சந்தேகம் உள்ள பத்திகளுக்கு முன்னால் அவர் எப்போதும் இரண்டு வெற்று வரி விட்டு வைப்பாராம். பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்கு அடையாளம். எங்களிடம் சொன்னதே இல்லை. என் பழைய நிரல் அந்த இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. அடையாளம் காணாததால் சந்தேகமெல்லாம் தீர்ந்ததாக அவரும் நினைத்துவிட, எல்லாம் அச்சுக்குப் போயிருந்தது. நான் போனை வைத்துவிட்டு பாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்படி ஒரு நேரத்தில் முகத்தைப் பார்க்கமாட்டார்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். பாயின் மேசையில் கலர் பென்சில்களையும் பேப்பர் கிளிப்புகளையும் பரப்பி ஏதோ ஊர் மாதிரி அடுக்கி வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஒரு வாரம் அவர் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

"எடுத்துப் போடுங்க பாய். அவளுக்கு ஞாபகமே இருக்காது."

"இருக்கலாம்ல. பாப்பா வந்து பார்த்துட்டு எடுக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை அவள் வந்து, ஒரு பென்சிலை மட்டும் இடம் மாற்றிவிட்டு, போதும் என்றாள். பிறகுதான் அவர் மேசை காலியாயிற்று.

இதையெல்லாம் சொல்லும்போது அவரை நான் கொண்டாடுவது போலத் தெரியும். அப்படியில்லை. அவரிடம் எனக்குப் பயம் ஏற்பட்ட நாளும் உண்டு. ஒரு வாட்டர் ஹீட்டர் கையேட்டில் மாடல் எண்ணை மட்டும் மாற்றும் வேலை அவருக்கு வந்தது. மாற்றும்போது கவனித்திருக்கிறார், நாலாவது வரியில் மூடியைக் கழற்றவும் என்று இருக்கிறது, ஐந்தாவதில்தான் மெயின் சுவிட்சை அணைக்கவும் என்று இருக்கிறது. எண்ணை மாற்றினார். வரிசையைத் தொடவில்லை. தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதி மேலே அனுப்பினார். அதை ஒருவரும் திறக்கவில்லை. கையேடு அச்சாகிவிட்டது.

தெரிந்தபோது நான் கத்திவிட்டேன்.

"பார்த்தீங்கல்ல? ரெண்டு வரிய மேலயும் கீழயும் மாத்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"எங்கிட்ட கேட்டது நம்பர் மட்டும்தாண்ணே. மத்தத சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்க. யாருக்காவது ஷாக் அடிச்சிருந்தா, மெயில் போட்டேன்னு அவங்க வீட்டுல போய் சொல்லுவீங்களா?"

அவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அச்சகத்துக்குப் போய், கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த கையேடுகளின் பக்கத்தில் நின்று, திருத்தச் சீட்டு ஒட்டி முடிக்கும் வரை நகரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கப்புறமும் அவர் கேட்காததை மாற்றியதில்லை. ஆனால் மின்னஞ்சலோடு விடுவதும் இல்லை. சம்பந்தப்பட்டவரின் மேசைக்குப் போய் நிற்பார். ஆமாம் என்றோ இல்லை என்றோ வாயால் சொல்லும் வரை நிற்பார். மேலாளர் அவர் வருவதைப் பார்த்தாலே, "அலமாக், மறுபடி என்ன லா," என்று தலையில் கை வைத்துக்கொள்வார்.

அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அவர் வேலையை விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அவர் போன மூன்றாவது மாதம் நான் அந்த நிரலைத் திரும்ப எழுதினேன். அவர் கட்டியதெல்லாம் எனக்குப் பாரமாக இருந்தது. அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் பழைய வழிக்கே போனேன். வேகமாக ஓடியது. எல்லாரும் பாராட்டினார்கள். அந்த நிரல்தான் இன்றுவரை என் கணினியில் இருக்கிறது. வீட்டு வேலைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், கைப்பழக்கம்.

என் மகளுக்கு இப்போது இருபது வயது. பதினாறில் வலிப்பு வந்தது. மருந்தில் ஓரளவு அடங்கியிருக்கிறது, நிற்கவில்லை. சில தடவை முன்கூட்டியே தெரியும், நாக்கில் இரும்புச் சுவை வரும், உட்கார்ந்துவிடுவாள். சில தடவை ஒன்றும் தெரியாது, நின்ற இடத்திலேயே விழுவாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே விடுதியில்தான் தங்க வேண்டும். மருத்துவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஆறு மாதம் ஒவ்வொன்றையும் எழுதி வரவேண்டும். முன்னறிவிப்பில்லாமல் வந்தது ஒன்றிரண்டுக்கு மேல் இல்லையென்றால் விடுதிக்குக் கடிதம் தருவார். அதிகம் இருந்தால் மருந்தை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான்.

மகள் தன் கைபேசியில் வெறும் எழுத்துக் கோப்பாக எழுதினாள். தேதி, நேரம், ஒரு வரி. முன்னால் ஒரு குறி. மருத்துவரோடு பேசி வைத்தபடி, சிறு கோடு என்றால் முன்பே தெரிந்தது. நட்சத்திரம் என்றால் தெரியாமல் வந்தது. கூட்டல் என்றால் வருவது போல் இருந்து போய்விட்டது. விழுந்து எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுவாள், இல்லாவிட்டால் அவளுக்கே நினைவிருக்காது. சில சமயம், "ப்பா, வருது," என்று அவளே சொல்லிவிட்டு, எழுந்த பிறகு சொன்னதையே மறந்திருப்பாள். அப்போது பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு எழுதுவாள்.

மருத்துவரைப் பார்க்கும் வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, அச்செடுத்து வைக்கலாம் என்று அந்தக் கோப்பை என் கணினியில் திறந்தேன். ஓரிடத்தில் மாதம் தப்பாக இருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்ற என் நிரலைக் கூப்பிட்டேன். மாற்றியது. அதே பெயரில் எழுதியது. இருபத்து மூன்று வரியும் வரிசையாக, அழகாக, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு கோடு.

எனக்கு உடனே தெரியவில்லை. அச்செடுத்து, தாளைக் கையில் பிடித்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வரியாக மறுபடி பார்த்தேன். கோப்பு அவள் கைபேசியோடு இணைந்திருந்ததால் அங்கேயும் மாறிவிட்டது. பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் வசதியை, இடத்தை அடைக்கிறது என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். மனைவி சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பாயின் பழைய எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். போனில் அவருக்குப் பின்னால் தட்டுகளின் சத்தம் கேட்டது.

"பாய், நாந்தான்."

"கொரல் தெரியுதுண்ணே. சொல்லுங்க."

சொன்னேன். அவர் கோப்பைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "பாப்பாவுக்கா? எப்பலேர்ந்து?" என்றார். பிறகு, "அனுப்புங்க," என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"ஒண்ணும் மிச்சமில்லண்ணே. முன்னாடி இருந்த எடைவெளி, பின்னாடி இருந்தது, எல்லாத்தையும் எடுத்துருச்சு. மூணும் ஒண்ணாயிட்டா எது எதுன்னு அதுக்கப்புறம் யாராலயும் சொல்ல முடியாது."

"சில வரியில இரும்பு ருசின்னு எழுதியிருக்கா. அதெல்லாம் கோடு. மத்ததெல்லாம் ஸ்டார்னு வச்சுட்டா?"

"வைக்கலாம். எழுத மறந்திருந்தா?"

"ஏதாவது ஒண்ணு வேணும் பாய். புதன்கிழமை டாக்டர்."

"ஊகிச்சு வச்சா அது நாம வச்சதுண்ணே. பாப்பா வச்சதாகாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. "உங்களுக்கென்ன, ஒரு வார்த்தைய சொல்லிட்டுப் போயிருவீங்க. ஹீட்டர் மாதிரி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுமுனையில் கடையில் யாரோ தே தாரிக் டீ கேட்டார்கள்.

"அண்ணே," என்றார் பிறகு. "அந்தப் பேப்பர டாக்டர் கையில குடுக்கறதுக்கு முன்னாடி வாயால சொல்லிருங்க. அது இப்ப நல்ல பேப்பர் மாதிரி இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நான் கூட வரணும்னா வர்றேன், கடைய தம்பி பார்த்துப்பான்."

வேண்டாம் என்றேன்.

அன்றைக்கே மகளிடம் சொன்னேன். அவள் கைபேசியைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

"எல்லாம் கோடா இருக்கு."

"உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்காம்மா? எது எது ஸ்டார்?"

"ரெண்டு தெரியும். மாலுல விழுந்தது. பாத்ரூம்ல. மத்தது தெரியாது." கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. நான் பார்த்துக்கறேன்."

"எப்படிப் பார்த்துப்ப?"

"லெட்டர் குடுத்துருவாங்கள்ல. அது போதும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை மருத்துவர் தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். "ஸ்டாரே இல்ல. எல்லாமே முன்னாடி தெரிஞ்சிருக்கு. வெரி குட். நல்லா எழுதியிருக்கம்மா, நீட்டா இருக்கு." மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு நொடி அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் நாலு வருடமாகப் பார்த்ததில்லை. மருத்துவர் கடிதத்தாளை எடுக்க இழுப்பறையைத் திறந்தார்.

"டாக்டர், அந்தக் கோடெல்லாம் நான் போட்டது," என்றேன்.

திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கினேன், நிரல், குறி, எல்லாம். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முடிவு மட்டும் புரிந்தது. மகளைப் பார்த்து, "உனக்குத் தெரியுமாம்மா எத்தனை ஸ்டார்னு?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஆறு மாதம் எழுதச் சொன்னார். கடிதம் இப்போது தர முடியாது என்றார். விடுதி இடத்தை உறுதி செய்ய எங்களுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இப்போது அதுவும் தாண்டிவிட்டது.

மறுநாள் அவள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிவந்தாள். பேனாவால் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுகிறாள். நான் இருக்கும் அறையில் அதைத் திறப்பதில்லை. நான் செய்தது சரிதான் என்று பாய் செய்தி அனுப்பினார். மகளுக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கும் எல்லா நேரமும் தோன்றுவதில்லை. நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவள் விடுதியில் இருந்திருப்பாள், ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சமையலறையில் விழுந்தாள். நான் அங்கேதான் இருந்தேன், மூன்றடி தூரத்தில், குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டு. சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம். நினைவு திரும்பி, தண்ணீர் குடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் பையைக் கேட்டாள். நோட்டை எடுத்தாள். தேதி எழுதினாள், நேரத்தை என்னிடம் கேட்டு எழுதினாள். பல நாள் கழித்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"விழறதுக்கு முன்னாடி நான் ஏதாச்சும் சொன்னேனாப்பா?"

நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் பேனாவைத் தாளின் மேல் பிடித்தபடி காத்திருந்தாள், நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பது போல. பிறகு வரிக்கு முன்னால் குறி போடும் இடத்தைக் காலியாக விட்டு, நோட்டை மூடினாள்.